ஏழாவது கேள்வி

“குத்தத்த ஒத்துக்கினு போய்டறேன் பாப்பா. எனுக்கு எதுக்கு கேஸு?”

கோதண்டம் இப்படிச் சொன்னதும் சங்கமித்ராவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

அவள் சட்டக் கல்லூரியில் நாலாம் வருஷம். கல்லூரி திருவொற்றியூரில் நடத்தும் இலவசச் சட்ட உதவி மையத்தில் அவள் கைக்கு வந்த முதல் கேஸ் இது. மாணவர்கள் கோர்ட்டில் வாதாட முடியாது. கட்சிக்காரரிடம் பேசலாம், பேப்பரைப் புரட்டலாம், சாட்சிகளிடம் கேட்கவேண்டிய கேள்விகளை எழுதித் தரலாம். நின்று கேட்பது வக்கீல் ரேச்சல் மேடம்.

“நீங்க எடுத்தீங்களா நைனா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு ஒத்துக்கணும்?”

“வுடு பாப்பா.”

விடுவாளா? வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தவள். செய்யாத தப்புக்குக் கைநாட்டு வைத்துவிட்டு வந்தவர்கள் அவள் சொந்தத்திலேயே நாலு பேர்.

கேஸ் சின்னதுதான். எண்ணூர் பக்கம் ஒரு குடோனில் கோதண்டம் லோடுமேன். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அங்கே செம்புக் கம்பிச் சுருள் ஒன்று காணாமல் போய்விட்டது. ரெண்டு மணிக்கே வேலை முடிந்த கோதண்டம், ஆறு மணிக்கு கேட் பக்கம் நின்றதை எதிர் டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். வாட்ச்மேன் செல்வமோ, ‘கோதண்டம் மூட்டையோடு போனதை என் கண்ணால் பார்த்தேன்’ என்று போலீசில் எழுதியே கொடுத்துவிட்டார். இத்தனைக்கும் இருபது வருஷ சிநேகிதர்!

“ஆறு மணிக்கு அங்க இன்னா வேல உங்களுக்கு?”

“சும்மா நின்னுகினு இருந்தேன்.”

கேட்கிறவன் கேனையனாக இருந்தால்தான் நம்புவான். அவளுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் தட்டியது.

நச்சரிப்புத் தாங்காமல் கடைசியில் கோதண்டம் சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு.

“டீக்கடைக்காரர கேளு, மேனேஜர கேளு. செல்வத்த மட்டும் கொடைஞ்சு கேக்கக் கூடாது.”

“உங்கள மாட்டிவுட்டவருக்கா வக்காலத்து வாங்குறீங்க?”

“அவன் என் தோஸ்து.”

மையத்தின் படிவத்தில் முதல் கட்டமே ‘கட்சிக்காரர் விரும்புவது என்ன?’ என்பதுதான். சங்கமித்ரா அதில் ‘விடுதலை’ என்று எழுதினாள். கீழே பெயரையும் விலாசத்தையும் கோதண்டம் கோணல் மாணலாக எழுதிக் கொடுத்தார்.

நாலு நாள் பேப்பரைப் புரட்டியதில் விஷயம் மாட்டியது. குடோன் கேட்டில் வாட்ச்மேன் லாரி நம்பர் எழுதும் ரிஜிஸ்டர். அன்றைக்குச் சாயங்காலம் எழுதியிருந்த எதுவும் செல்வத்தின் எழுத்து இல்லை. ஆக, செல்வம் அங்கே இல்லவே இல்லை! இல்லாத ஆள் எதைப் பார்த்தார்?

ஏழாவது கேள்வியாக அதை எழுதினாள்.

“பிரமாதம்டீ!” என்றார் ரேச்சல் மேடம். “கோதண்டத்துக்கிட்ட சொன்னியா? இது அவர் கேஸு. அவரு சம்மதிக்காம ஒரு கேள்வியும் கேக்கக் கூடாது.”

“கேட்டுட்டேன் மேடம். சரின்னுட்டாரு.”

வாய் கூசாமல் வந்தது பொய்.

கோர்ட்டில் ஆறு கேள்விகளைச் செல்வம் சமாளித்துவிட்டார். ஏழாவதாக ரேச்சல் மேடம் ரிஜிஸ்டரை நீட்டினார்.

“இது உங்க எழுத்தா?”

செல்வம் கூண்டிலிருந்து கோதண்டத்தைப் பார்த்தார். கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டார்.

“இல்லீங்க.”

“அன்னிக்கு சாயங்காலம் நீங்க கேட்டுல இருந்தீங்களா?”

“இல்லீங்க.”

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த குடோன் மேனேஜர் விருட்டென்று எழுந்து வெளியே போனார்.

பத்து நாளில் தீர்ப்பு. விடுதலை. மையத்தில் கைதட்டலும் கேக்குமாக அமர்க்களப்பட்டது. கோதண்டம் மட்டும் யாரிடமும் பேசாமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் சங்கமித்ரா மைசூர்பாகு வாங்கிக்கொண்டு டோல்கேட் பக்கம் அவர் வீட்டைத் தேடிப் போனாள்.

“வா பாப்பா. குந்து.”

“இன்னா நைனா, ஜெயிச்சுட்டு மூஞ்சிய இப்படி வச்சினுகீறீங்க?”

“செல்வத்த வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்க.”

“வேணும் அவருக்கு!”

கோதண்டம் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் பேசினார்.

“அவன் பொஞ்சாதிக்கு கிட்னி பூட்சு பாப்பா. செவ்வா, வெள்ளி டயாலிசிஸ். கூட ஆள் வேணும். கேட்ட வுட்டுட்டுப் போனான்னு தெரிஞ்சா வேல பூடும். அதான் அந்த ரெண்டு நாளும் அவன் எடத்துல நான் நின்னேன். நான் நின்னப்பத்தான் கம்பி பூட்சு.”

சங்கமித்ராவுக்கு அந்த ரிஜிஸ்டர் கண்முன் வந்தது. கோணல் மாணலான எழுத்து. அதே எழுத்து அவள் ஃபைலிலேயே, படிவத்தின் அடியில், மூணு மாசமாக இருந்திருக்கிறது. ஐயோ, ஒருதடவை பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கக் கூடாதா!

“நான் உள்ள போயிருந்தா கொஞ்ச நாள்ல வந்துருப்பேன். மூட்ட தூக்க எங்கனா கெடைக்கும். அவனுக்கு வேல போனா ஈஎஸ்ஐ கார்டும் பூடும். அத வச்சுத்தான் அவளுக்கு வைத்தியம் ஓடுது.”

மைசூர்பாகு டப்பா அவள் மடியிலேயே இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆனா நைனா, நீங்க இவ்ளோ செஞ்சும் உங்க மேலயே பொய் சொன்னாரே? அது துரோகம்தானே?”

“துரோகமா? மாட்டேன்னு என் கால்ல வுழுந்து அழுதான். அந்தப் பொய்ய அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான் பாப்பா.”