அடியில் இருந்த கை

மருதாணி போடும் மைமூனா பார்லர் வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது, போர்டில் தன் இடது கையையே சின்னமாகப் போடச் சொன்னாள். டிசைன் செய்யும் ஜெனிட்டா அந்தக் கையைப் படமெடுத்து, கோடுகளாக்கி, சுற்றிலும் கொடி ஓடவிட்டாள். "பாருங்கக்கா, ஊர்லயே யாருக்கும் இப்படி அமையாது."

திரையில் ஐந்து விரல்கள்தான் இருந்தன.

"இன்னொண்ணு எங்கம்மா?"

"நான்தான் எடுத்துட்டேன். கல்யாண வீடு பாருங்க, யாராச்சும் எதாச்சும் சொல்லிட்டா?"

நல்ல மனசு. பார்லர்க்காரம்மாவும் அதைச் சொல்லித்தான் அந்தக் கையை மணப்பெண்ணின் கைக்கு அடியிலேயே மறைத்துக்கொள்ளச் சொல்வாள். வலது கை வரையும், இடது கை தாங்கும். கட்டைவிரலோடு ஒட்டிப் பிறந்த அந்தக் குட்டி விரல் பெண்ணின் மணிக்கட்டில் போய்ப் படியும். அங்கே படபடக்கிற நாடி, பூ வரைந்து முடிவதற்குள் சீராகிவிடும். ஒருமுறை, நடுக்கம் நிற்காத மணப்பெண் ஒருத்தி காதோடு கேட்டாள். "அந்தச் சின்ன விரலால பிடிச்சுக்கோங்கக்கா."

"அத திரும்பப் போட்ருமா" என்றாள் மைமூனா.

"படத்துல பாதி மடக்கி வெச்சிருக்கீங்களேக்கா. இன்னொரு தடவ எடுக்கணும்."

மடக்கியது மைமூனாவுக்கே தெரியாது. துப்பட்டாவுக்குள்ளிருந்து கையை எடுத்து வெளிச்சத்தில் விரித்தாள். அது நடுங்கியது. ஜெனிட்டா தன் உள்ளங்கையை அதற்கு அடியில் கொடுத்தாள்.