தள்ளிப்போட்ட மழை

கேட்டவர்களுக்கு மழையைத் தள்ளிப்போட்டுக் கொடுப்பதுதான் மதுரை மழைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அங்கயற்கண்ணியின் வேலை. கல்யாணம், மாநாடு, கிரிக்கெட் என்று பன்னிரண்டு நாள் தொடர்ந்து தள்ளினாள். பதின்மூன்றாம் நாள் மேகம் எந்தக் கட்டளைக்கும் நகரவில்லை. ஆற்றோரம் குடியிருந்த தம்பி தவசியைப் போனில் பிடித்தாள்.

"பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு உடனே மேட்டுக்குப் போயிருடா."

"நீதானக்கா மழைய நிப்பாட்டுற ஆளு?"

"நிப்பாட்டல தவசி. தள்ளித்தான் போட்டோம்."

தள்ளிப்போட்ட பன்னிரண்டு நாள் மழையும் அன்றிரவே கொட்டியது. அவர்கள் தப்பினார்கள், வீடு ஆற்றோடு போயிற்று. மறுநாள் தம்பியின் பிள்ளைகள் அவள் வீட்டுத் தரையில் சுருண்டு தூங்க, கண்ணெரிச்சலோடு அலுவலகம் போனாள். மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்த ஒருவர்தான் முதலில் அழைத்தார்.

"ஒரே ஒரு நாள் தள்ளி வைங்க மேடம்."

"மழை வரத்தான் செய்யும். பந்தல நல்லா இறுக்கிக் கட்டிக்கங்க," என்றாள்.