நிரந்தரச் சாவி

“யாரையும் நிரந்தரமா வச்சுக்கக் கூடாது சார். கெடு வச்சு உள்ள விடணும், கெடு முடிஞ்சா வெளிய தள்ளிடணும்!”

மேஜையைத் தட்டாத குறையாகச் சொன்னான் தற்காலிகம். ஏழு வருடமாக ஒப்பந்த ஊழியன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு. அலுவலகம் வைத்த பட்டப்பெயர் அது.

அவன் பேசியது ஆட்களைப் பற்றி அல்ல, செயலிகளைப் பற்றி. பஸ் டிக்கெட் விற்கும் நிறுவனம் அது. இருக்கை விவரம் கேட்டு வெளியார் செயலிகள் அதன் கணினிக்குள் வரும். காலாவதியே இல்லாத பழைய ஏபிஐ சாவி என்ற ரகசியக் குறியீட்டையே தொடர்வதா, ஒரு மணி நேரத்தில் செத்துப்போகும் ஓஆத் டோக்கன் என்ற அனுமதிச் சீட்டுக்கு மாறுவதா என்று இன்று முடிவாக வேண்டும்.

“சாவி சுலபமாச்சே. ஒரு தடவை கொடுத்துட்டு மறந்துடலாம்” என்றார் மேலாளர்.

“மறந்ததுதானே வினை? என்னிக்கோ நம்மளை விட்டுப் போன கம்பெனி, போன மாசம் வரைக்கும் பழைய சாவியை வச்சே பயணிகள் பட்டியலை உருவிக்கிட்டிருந்தாங்க. டோக்கன்னா தேவையானதை மட்டும்தான் தொட முடியும். வேணும்னா புதுப்பிக்கலாம், வேண்டாம்னா கதை முடிஞ்சுது. நிரந்தரம்னாலே ஆபத்து சார்!”

மேலாளர் அந்தக் கடைசி வரியை அப்படியே டைரியில் எழுதி, அடிக்கோடும் போட்டார். தற்காலிகத்துக்கு உச்சி குளிர்ந்தது.

குளிராமல் என்ன செய்யும்? அவனை நிரந்தரமாக்கும் உத்தரவு தட்டச்சாகி அதே மேஜையில்தான் கிடந்தது. முதலாளியின் கையெழுத்து மட்டும் பாக்கி. “மாப்பிள்ளைக்கு எப்போ நிரந்தரம்?” என்று நாலு பேர் நடுவில் கேட்கும் மாமனாரின் வாயை இன்றோடு அடைத்துவிடலாம். காலையிலேயே மனைவியிடம் சொல்லிவிட்டான். அவள் சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

மேலாளர் டைரியையும் உத்தரவையும் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குள் போனார். கண்ணாடிக் கதவு வழியே இருவரும் தலையாட்டுவது தெரிந்தது. அரை மணியில் சிரித்தபடி வெளியே வந்தார்.

“ஜெயிச்சுட்டீங்க தம்பி! டோக்கன்தான். மாத்தி முடிக்கிற பொறுப்பும் உங்களோடதுதான்.”

“ரொம்ப நன்றி சார்... என் ஆர்டர்?”

மேலாளர் தாளை நீட்டினார். ‘நிரந்தரம்’ என்ற சொல்லைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் முதலாளி எழுதியிருந்தார்: ‘டோக்கன் வேலை முடியும் வரை.’

“சார், இது...?”

“உங்க வாதம் அவருக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சு.” மேலாளர் டைரியைத் திறந்து, அடிக்கோட்டில் விரலை வைத்தார்.

“நிரந்தரம்னாலே ஆபத்தாமே, தம்பி!”