பிந்துஜாவின் உறக்கம்

"எனக்க கதைக்கு முதல் பரிசு கிடைச்சதுக்குக் காரணம், பிந்துஜாவுக்க உறக்கமாக்கும் டீச்சர்!"

ஆர்யா இப்படித் தொடங்கியதும் பிளஸ் ஒன் வகுப்பு கொல்லென்று சிரித்தது. மூன்றாவது பெஞ்சில் இருந்த பிந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

மாவட்டச் சிறுகதைப் போட்டியின் முடிவு அன்று காலையில்தான் வந்திருந்தது. தமிழில் முதல் பரிசு ஆர்யாவுக்கு. அப்போதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் பீரியட் தொடங்கியதுமே சௌதாமினி டீச்சர் அவளை முன்னால் கூப்பிட்டு நிறுத்திவிட்டார்.

"கைதட்டினது போதும். கதையை எப்படி எழுதினேண்ணு இவங்களுக்குச் சொல்லு மக்கா. அடுத்த போட்டிக்கு இன்னும் நாலு பேரு எழுதணும்."

எப்படி எழுதினேன்? ஆர்யா அதுவரை அதை யோசித்ததே இல்லை. யோசித்தபோது முதலில் கண் முன்னால் வந்தது பிந்துஜாவின் மூடிய கண்கள்தான்.

"நாங்க ரெண்டு பேரும் வெள்ளறடையில இருந்து ஒரே பஸ்ஸுல வாறோம் டீச்சர். எழுதினதை பஸ்ஸுல வச்சு இவளுக்கு வாசிச்சுக் காட்டுவேன். முதல்ல, மஞ்சு மூடின மலை, ரப்பர் தோட்டத்துக்கு மேல சூரியன் உதிக்கிறதுண்ணு நீட்டி வர்ணிச்சிருந்தேன். வாசிச்சிட்டு நிமிர்ந்து பாத்தா, இவ ஜன்னல் கம்பியில தலையைச் சாச்சு நல்ல உறக்கம்!"

மறுபடியும் சிரிப்பு.

"எனக்கு வந்த தேஷ்யத்துக்கு அளவே இல்ல. வீட்டுக்குப் போய் அதை நானே சத்தமா வாசிச்சுப் பாத்தேன். டீச்சர், எனக்கே கொட்டாவி வந்தது!"

டீச்சரும் சிரித்துவிட்டார். ஆர்யாவுக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"அப்பதான் சங்கதி பிடிகிட்டிச்சு. இவ உறங்குற இடத்துல வெட்டணும், முழிக்கிற இடத்துல கூட்டணும். கல்யாண வேன் களியிக்காவிளையில பிரேக் டவுனாகி நிக்குற இடத்துல கண்ணைத் திறந்தா. சரி, கதையை அங்கேயே தொடங்கினேன். மாப்பிள்ளைக்க மாமன் குடும்பப் பெருமை பேசத் தொடங்கினதும் திரும்பவும் உறங்கிட்டா. அந்த மாமனை அப்படியே கதையில இருந்து இறக்கி விட்டுட்டேன்!"

"பாவம் மாமன்!" என்றான் கடைசி பெஞ்ச் ரெஜித்.

"கல்யாணப் பொண்ணு முந்தானையை இடுப்புல செருகிட்டு வேனைத் தள்ள இறங்குவா இல்லியா? அதை வாசிச்சப்ப இவ எனக்க கையைப் பிடிச்சுக்கிட்டு, 'பெறவு? பெறவு என்ன ஆச்சு?'ண்ணு கேட்டா. எனக்கும் அப்ப தெரியாது டீச்சர்! பஸ்ஸை விட்டு இறங்கினதும் வீட்டுக்கு ஓடினேன். சோறு கூடத் தின்னாம எழுதினேன். கை நிக்கவே இல்ல."

சொல்லும்போதே அந்தச் சாயங்காலம் திரும்பி வந்ததுபோல் அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"டீச்சர், இனி எனக்க கதைக்கும் பிந்துஜா உறங்கணும். தலையணை நான் கொண்டு வாறேன்!" என்றான் ரெஜித்.

வகுப்பு குலுங்கியது. பிந்துஜா மட்டும் நிமிரவில்லை.

"ஆனா ஒரு சங்கடம் உண்டு டீச்சர்," என்றாள் ஆர்யா. "ஒருத்தி உசிரைக் குடுத்து வாசிக்கும்போ இப்படி உறங்கலாமா? நான் எத்தனை தடவை ஏசியிருக்கேன்! நீயெல்லாம் ஒரு கூட்டுகாரியாண்ணு கூட கேட்டிருக்கேன். ஒரு கூச்சமும் கிடையாது. அடுத்த நாளும் உறங்குவா."

சௌதாமினி டீச்சர் பிந்துஜாவை எழுப்பி நிறுத்தினார்.

"அப்போ, இவ வெட்டி எறிஞ்சது ஒண்ணையும் நீ கேட்கல்ல. தப்பிச்சே, என்ன?"

"இல்ல டீச்சர், அதுல ஒண்ணை வெட்டியிருக்க வேண்டாம்," என்றாள் பிந்துஜா அவசரமாக.

"எதை?"

"மாமியாருக்க பாலராமபுரம் சாரியைப் பத்தி ரெண்டு பக்கம் இருந்தது. கரை, கசவுச் சரிகை, மடிப்புண்ணு ஒரே இழுவை. போனது நல்லதுதான். ஆனா அதுல, 'மழை வந்ததும் மாமியார் முதலில் சாரியை மூடினாள், பிறகுதான் தலையை மூடினாள்'ண்ணு ஒரு வரி உண்டு. அது நல்ல வரியாக்கும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வகுப்புக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆர்யாவுக்கு விளங்கியது. அந்த ரெண்டு பக்கத்தை அவள் ஒரே ஒரு தடவைதான் வாசித்தாள். அதுவும், பக்கத்தில் பிந்துஜா விட்ட குறட்டைக்கு மேல் குரலை உயர்த்தி. அன்றைக்கே கிழித்தும் போட்டுவிட்டாள்.

"எடி, அண்ணைக்கு நீ குறட்டை விட்டேல்லா?"

பிந்துஜா பெஞ்சின் விளிம்பைச் சுரண்டினாள்.

"அப்போ நீ உறங்கவே இல்லியா? ஒரு நாளும்?"

"அந்தக் குண்டும் குழியும் உள்ள ரோட்டுல ஆருக்குடி உறக்கம் வரும்?"

ஆர்யாவின் குரல் இறங்கியது.

"பின்ன, நல்லா இல்லேண்ணு எனக்க மூஞ்சிக்கு நேரே சொல்லக் கூடாதா? நான் எவ்வளவு ஏசினேன் உன்னை!"

"ஓணத்துக்கு முன்ன எழுதின கதைக்கு அப்படிச் சொன்னேன்லா. நீ அதைக் கிழிச்சு ஜன்னல் வழியா எறிஞ்சே. இனி பேனாவைத் தொடமாட்டேண்ணு அழுதே."

பிந்துஜா டீச்சரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஆர்யாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"நல்லா இல்லேண்ணு சொன்னா நீ எழுத்தை விட்டுருவே. உறங்கினா, என்னை மட்டும்தானே ஏசுவே."