காற்று நின்ற பிறகு

சதுப்பு ஓரத்தில் பறவை பார்க்கக் கட்டிய பலகைக் குடிலின் ஜன்னலில் முழங்கையை ஊன்றி, பைனாகுலரை எதிர்க்கரையிலேயே பதித்திருக்கிறாள் மனைவி. நாணல் நிறத்துக் குருகு ஒன்று மூன்று வருடமாக அவளுக்குக் கண்ணாமூச்சி காட்டுகிறது. துணைக்கு வந்த கணவர் பிளாஸ்க்கைத் திறக்கிறார்.

"நெஜமாவே அப்படி ஒரு பறவை இருக்கா, இல்ல நீயா கெளப்பிவிட்டதா?"

"கொஞ்சம் சும்மா இருங்க."

சதுப்பில் காற்று சட்டென நிற்கிறது. நாணல் காடு முழுவதும் அசைவற்றுப் போகிறது. குடிலுக்குப் பத்தடியில் ஒரே ஒரு தண்டு மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. மூடி பிடித்த அவர் கை அந்தரத்திலேயே நிற்கிறது.

"பைனாகுலர எறக்கு," என்கிறார், உதடு பிரியாமல்.

அவள் இறக்குகிறாள். நாணலோடு நாணலாக, அலகை வானத்துக்கு நீட்டியபடி ஆடுகிறது குருகு. தூக்கிய அலகுக்கு அடியிலிருந்து இரண்டு மஞ்சள் கண்கள் அவர்களையே உற்றுப் பார்க்கின்றன. பார்க்கிற மும்முரத்தில், காற்று நின்றுபோனதை அது இன்னும் கவனிக்கவில்லை.