நிறுத்திய இடம்

நேற்று அவள் படத்தை நிறுத்தியபோது கதாநாயகி கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். இன்று போட்டால், கிணற்றுக்குள் கிடக்கிறாள்.

தள்ளியது பேயா, புருஷனா? அதுதான் தெரியவில்லை.

மறுபடியும் இடையில் அரை நிமிஷத்தைக் காணோம்.

வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்திருந்தவள் ரிமோட்டைத் தலையணை மேல் ஓங்கிப் போட்டாள். ராத்திரி முழுக்க ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பின் வாயில் நின்றுவிட்டு, தலைமுடியெல்லாம் மாவோடு, விடிந்தபின் வீடு வந்து சேர்கிறவளுக்கு இருக்கும் ஒரே சுகம் இது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தட்டில் எதையாவது போட்டுக்கொண்டு, கண் சொக்கும்வரை ஒரு தமிழ்ப் படம்.

அதற்கும் வேட்டு.

இந்த நாட்டில் உட்கார்ந்து நம் படம் பார்க்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. காசு கட்டினால், உங்கள் பகுதியில் கிடைக்காது என்றார்கள். கூட வேலை பார்ப்பவள் காட்டிய இலவசத் தளத்தில் படத்தைவிடச் சீட்டாட்ட விளம்பரம்தான் அதிகம் ஓடியது. கடைசியில் அண்ணன்தான் ஊரில் ஒரு சந்தா வாங்கி, அவள் டிவி ஊரில் இருப்பதாகவே நம்பவைக்க ஒரு குறுக்குவழியும் சொல்லிக் கொடுத்தான்.

ஒரே குடும்பத்துக்குள் தனித்தனியாக எதற்கு என்று அண்ணி பெயரில் ஒரே கணக்கு. அங்கே ஒரு டிவி, இங்கே ஒரு டிவி. யார் எங்கே நிறுத்தினாலும் படம் அந்த இடத்திலிருந்துதான் தொடரும்.

பின்னால் தள்ளிப் பார்க்கலாம்தான். தள்ளினால் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். அது சுற்றி முடிப்பதற்குள் இவள் தூங்கிப்போவாள்.

அண்ணி வேலைதான் இது. வேறு யார்? அண்ணனுக்குக் கிரிக்கெட்டை விட்டால் எதுவும் தெரியாது. அப்பா சினிமா என்றாலே எழுந்து போகிறவர். பேய்ப் படமென்றால் அந்த அறைப் பக்கமே தலைகாட்ட மாட்டார். போதாக்குறைக்கு, பொம்பளப் பிள்ளைக்கு ராத்திரி வேலை எதற்கு என்று அவர் கரடியாய்க் கத்தியும் கேட்காமல் இவள் கிளம்பி வந்ததிலிருந்து, போனைக்கூட அவர் கையில் வாங்குவதில்லை.

பார்க்கிறவள் முழுசாகவாவது பார்த்துத் தொலைக்கலாம். தினமும் அரை நிமிஷம் பார்த்துவிட்டு அணைக்கிறாளே, இது என்ன ரசனை?

பல்லைக் கடித்துக்கொண்டு பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்தைத் திறந்தாள். அண்ணியின் போனுக்கு ஒரு எண் அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. சுத்தம். உடனே அண்ணியைக் கூப்பிட்டாள்.

“அண்ணி, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க. பாஸ்வேர்டை மாத்தப் போறேன். இனிமே என் படத்துல யாரும் கை வைக்க வேணாம்!”

அண்ணி அங்கே குக்கரை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது.

“தாராளமா மாத்திக்கோ. ஆனா உங்கப்பாகிட்ட நீயே சொல்லிடு. தினமும் சாயங்காலம், உனக்கு அங்க விடிஞ்சப்புறம், டிவியைப் போட்டு, நீ எங்க நிறுத்தியிருக்கேன்னு பாப்பாரு. நேத்து இருந்த இடத்தைத் தாண்டியிருந்தா, ‘வீடு வந்துட்டா’ன்னு சொல்லிட்டு அணைச்சிடுவாரு. பேய்ப் படம்னா கண்ணை மூடிக்கிட்டுத்தான் பட்டனைத் தேடுறாரு. அதுக்குள்ள கொஞ்சம் ஓடிடுது. அதுக்கா இந்தக் கத்து கத்துற?”

சொல்லிவிட்டு, அந்த எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

இவள் எதையும் அழுத்தவில்லை. போனை வைத்துவிட்டாள்.

அழுகை வந்தது. அதைவிட எரிச்சல் வந்தது. போனை வாங்கி, வந்துட்டியா என்று ஒரு வார்த்தை கேட்டால் இந்த மனுஷனுக்கு என்ன குறைந்துபோகும்?

தலையணை மேல் கிடந்த ரிமோட்டை எடுத்தாள்.

கதாநாயகியைத் தள்ளியது யார் என்று பின்னால் போய்ப் பார்க்கவில்லை. முன்னால் தள்ளினாள். வட்டம் சுற்றியது. பேய் மச்சுப்படியில் உட்கார்ந்திருந்தது. மறுபடி தள்ளினாள். சுற்றியது. சமையலறையிலும் பேய். தூக்கம் இமையை அழுத்த, வட்டம் நிற்கும்வரை ஒவ்வொரு முறையும் காத்திருந்தாள்.

ஒருவழியாக, பட்டப்பகலில், பேருந்து நிறையப் பிள்ளைகளோடு ஒரு பாட்டு வந்தது. அது தொடங்கும் இடத்துக்குத் திரும்பிப் போய் நிறுத்தினாள்.

இன்றைக்காவது அவர் கண்ணைத் திறந்துகொண்டு பட்டனைத் தேடட்டும்.