கதவைப் பிடிக்க ஒரு ஆள்

பூட்டுக்காரரை அவள் அழைத்து வந்ததே கணவனின் மூக்கை உடைக்கத்தான்.

சண்டை வந்தால் போதும், படுக்கையறைக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு தூங்கிவிடுவான் அவன். எவ்வளவு தட்டினாலும் திறக்க மாட்டான். இவள் கெஞ்சிப் பார்த்து, அது எடுபடாமல் திட்டித் தீர்த்து, கடைசியில் தானே சிரித்துவிட்டால்தான் கதவு திறக்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் நடைமுறை.

இன்றைக்கு அவள் கெஞ்சுவதாக இல்லை. தெருமுனையில் பூட்டுக்காரர் எதற்கு இருக்கிறார்?

சண்டை அவளுடைய வெள்ளைக் கோட்டால் வந்தது. ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் அவளுக்கு வேலை. பெண்டாட்டிக்கு உதவுகிறேன் பேர்வழி என்று, அந்தக் கோட்டைத் தன் சிவப்புப் பனியனோடு சேர்த்து ஊறவைத்துத் துவைத்துப் போட்டிருந்தான். கோட்டு ரோஸ் கலருக்கு மாறியிருந்தது. மாற்றுக் கோட்டும் கிடையாது.

பேக்கரியில் இரவு வேலை முடித்து அவன் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததுமே பிடித்துக்கொண்டாள். அவன் பதிலுக்குப் பதில் பேசவில்லை. களைப்பாக இருக்கிறது, மிச்சத் திட்டைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

வேலையிலிருந்து அவள் திரும்பியபோதும் கதவு சாத்தியே இருந்தது. தட்டினாள். பதில் இல்லை. ரோஷத்தைப் பார் ரோஷத்தை என்று நினைத்துக்கொண்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் தெருமுனைக்குப் போய்விட்டாள்.

பூட்டுக்காரர் கதவுக்கு முன்னால் மண்டியிட்டார். உருண்டைக் கைப்பிடிப் பூட்டு. இதெல்லாம் ஒரு பூட்டா என்பதுபோல் பார்த்துவிட்டு, வளைந்த கம்பி ஒன்றை எடுத்தார். அவள் குழம்பைச் சூடு பண்ணப் போனாள். கோபம் வேறு, பசி வேறு. எழுந்து வந்ததும் முதலில் தட்டைத்தான் தேடுவான்.

அவள் திரும்பி வந்தபோதும் பூட்டுக்காரர் அங்கேயே மண்டியிட்டிருந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. கதவு திறக்கவில்லை.

"பூட்டு மக்கர் பண்ணுதும்மா," என்றார். "கதவைப் பிடிக்க ஒரு ஆள் வேணும். கூடப் பிறந்தவங்க யாராச்சும் பக்கத்துல இருக்காங்களா?"

தானே பிடிப்பதாக அவள் சொன்னாள். உங்களால் முடியாது என்றார். ஒரு கதவைப் பிடிக்கக் கூடப் பிறந்தவர்கள்தான் வரவேண்டுமா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. இருந்தாலும் அடுத்த தெருவில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தாள்.

அக்கா வந்து சேரும்வரை சும்மா இருக்க அவள் வாய்க்குத் தெரியாது. அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் என்னய்யா என்று இறங்கிவிட்டாள். பச்சைக் குழந்தைகூட ஊக்கை விட்டுத் திறந்துவிடுமே இந்தப் பூட்டை! கடையில் அத்தனை சாவியைத் தொங்கவிட்டிருப்பது என்ன அழகுக்கா? பூட்டுக்காரர் தலை நிமிரவில்லை. கம்பியைத் துவாரத்தில் விட்டுக் குடைந்துகொண்டே இருந்தார்.

அவர் வாய் திறக்காததால் அவளுடைய கோபம் கதவின் பக்கம் திரும்பியது.

"கேக்குதா துரைக்கு? வந்தவங்க போறவங்க முன்னாடி மானம் போகுது. நீங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும்..."

"அவரைத் திட்டாதீங்கம்மா," என்றார் பூட்டுக்காரர். "என்னைத் திட்டுங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு நேரம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர், தனக்காக ஒரு வார்த்தை பேசாதவர், முன்பின் தெரியாத ஒருவனுக்காகக் கெஞ்சுகிறார். வெட்கமாகப் போய்விட்டது. கதவில் நெற்றியைச் சாய்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரி, வாங்க. இந்தக் கலர் எனக்கு எடுப்பா இருக்குன்னு லேப்ல எல்லாரும் சொன்னாங்க. எனக்கும் பிடிச்சுத்தான் இருக்கு. கோவம்லாம் போயிடுச்சு, எழுந்து வாங்க."

சொல்லி முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இனி கதவு திறந்துவிடும் என்று காத்திருந்தாள்.

பூட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். தேடிக்கொண்டே இருந்தார்.

வாசலில் அக்காவின் குரல் கேட்டதும் அவர்தான் முதலில் எழுந்து போனார். தணிந்த குரலில் ஏதோ சொன்னார். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அக்கா, ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றாள். பிறகு அந்த ஒற்றைச் செருப்போடே உள்ளே வந்து, இரண்டு கைகளாலும் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"என்னக்கா, கதவைப் பிடிக்க வரச்சொன்னா என்னைப் பிடிக்கிற?"

அக்கா பிடியை இன்னும் இறுக்கினாள்.

பூட்டுக்காரர் இந்த முறை கம்பியைத் தொடவில்லை. கைப்பிடியை லேசாகத் திருகினார். கதவு திறந்துகொண்டது.

"நீங்க அடுப்படிக்குப் போனப்பவே திறந்துட்டேம்மா. உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தேன். உடம்பு சில்லுன்னு இருந்துச்சு. காலையிலேயே உசிரு போயிருக்கு."

அக்கா பிடித்திருந்ததால் அவள் விழவில்லை.

கட்டிலில் அவன் சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தான். போர்வை கழுத்துவரை இழுத்துப் போர்த்தப்பட்டு, ஓரங்கள் அடியில் பதமாகச் செருகப்பட்டிருந்தன.

இரவெல்லாம் அடுப்பு அனலில் நின்றுவிட்டு வருகிறவன் அவன். தூங்கும்போது போர்வையைக் கிட்டேகூடச் சேர்க்க மாட்டான்.